கைக்குழந்தைக்குப் பேபி சீற்: எடுப்பதிலிருந்து இறுக்குவது வரை

கனகராயன்குளத்துக்குக் கிட்ட, ஏ9 தெருவில் மாடு ஒன்று குறுக்கே இறங்கியது. வான் ஓட்டிய அண்ணை பிரேக்கை ஏறி மிதித்தார். மோதல் எதுவும் இல்லை, மாடு தன்பாட்டில் மற்றக் கரைக்குப் போய்விட்டது. ஆனால் மூன்று மாதமான எங்கள் மகள் படுத்திருந்த பேபி சீற் இருந்த இடத்தை விட்டு வழுக்கி, தலைப்பக்கத்தால் முன் ஆசனத்தின் முதுகில் போய் முட்டியது. பிள்ளை வீரிட்டு அழுதாள். எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கியது.

சீற்றில் ஒரு குறையும் இல்லை. லண்டனில் இருக்கும் சித்தி அனுப்பிய நல்ல சீற். பிழை நாங்கள் பூட்டிய விதத்தில் இருந்தது. சீற் பெல்ற்றின் தோள்பகுதி சீற்றின் முதுகைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். நாங்கள் இடுப்புப்பகுதியை மட்டும் கொளுவிவிட்டு, மற்றதைச் சும்மா தொங்க விட்டிருந்தோம். அன்று இரவு வீட்டுக்கு வந்து கையேட்டை விரித்துவைத்து, படம் படமாகப் பார்த்துப் படித்தேன். பிறகு அயலில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், போய்ப் பூட்டிக் காட்டுகிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மடியில் வைத்திருந்தால் காணாதா?

எல்லா வீட்டிலும் வரும் முதல் கேள்வி இதுதான். அதுவும் அம்மம்மாமாரிடம் இருந்து வரும். "பச்சைப்பிள்ளையை இதுக்குள்ள போட்டு இறுக்கிறியளோ? தாயின்ர மடியை விடவோ இது பாதுகாப்பு?"

கோபப்படாமல் ஒரு கணக்குச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் எதிலாவது மோதினால், ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் 5 கிலோ பிள்ளை முன்னுக்கு இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ பாரத்துக்குச் சமம். நம்முடைய ஊரில் அது ஒரு மூடை நெல்லு. கண் இமைக்கும் நேரத்தில் யாராவது ஒரு மூடை நெல்லை நம் கையிலிருந்து பறித்தால் பிடித்துவைக்க முடியுமா? எவ்வளவு பாசமுள்ள தாயாலும் முடியாது. 50 இல் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நகருக்கு வெளியே கார்களுக்கு அனுமதியுள்ள 70 இல் மோதினால் அது 19 மீற்றர் ஆகிவிடும். வளர்ந்த தென்னையின் வட்டிலிருந்து விழுவது போல. மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் தெரு நேராகக் கிடக்கிறது, 70 ஐத் தாண்டாத வாகனத்தைக் காண்பது அரிது.

தாய் பெல்ற் போட்டு, அதே பெல்ற்றுக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். மோதும்போது தாயின் முழுப் பாரமும் பிள்ளையைப் பெல்ற்றோடு வைத்து நசுக்கும். இதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

சரியாகப் பூட்டிய பேபி சீற், காரில் போகும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விபத்தில் இறக்கும் ஆபத்தை 71 வீதம் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்திருக்கிறது. 1 முதல் 4 வயது வரை 54 வீதம். இந்தக் கணக்கில் "சரியாகப் பூட்டிய" என்ற சொல்லைத்தான் நான் கனகராயன்குளத்தில் படித்தேன்.

எந்தச் சீற் எடுப்பது?

பிறந்த பிள்ளைக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்த சீற். அதாவது பிள்ளையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும், முதுகு சாரதியின் பக்கம் இருக்கும். கைக்குழந்தைக்குத் தலை உடம்பின் நாலில் ஒரு பங்கு. கழுத்து எலும்பு இன்னும் முற்றியிருக்காது. முன்பக்கம் பார்த்து வைத்தால், பிரேக் பிடிக்கும்போது உடம்பைச் சீற்றின் வார் நிறுத்தும், தலை மட்டும் முன்னுக்குப் பாயும், கழுத்து அதைத் தாங்காது. பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து சீற்றின் கடினமான ஓட்டுக்குள் அமுங்கும். அடி ஓரிடத்தில் விழாமல் முதுகு முழுக்கப் பரவிப் போகும்.

கடையில் நிற்கும்போது விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டு எடுக்காதீர்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். மாதாமாதம் நிறுத்த நிறையும் அளந்த நீளமும் அதில் இருக்கும். சீற்றில் ஒட்டியிருக்கும் செம்மஞ்சள் நிற ஒப்புதல் சீட்டைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'ஈ' யும் பக்கத்தில் ஒரு இலக்கமும் இருக்கும். அது ஒப்புதல் கொடுத்த நாட்டின் இலக்கம், 1 என்றால் ஜேர்மனி, 11 என்றால் பிரித்தானியா. 'ஆர்44' என்ற பழைய விதிச் சீற்றுகள் நிறையைக் கொண்டு பிரிக்கப்பட்டவை. கைக்குழந்தைக்கு 13 கிலோ வரை தாங்கும் '0+' வகை சரிவரும். அதன் ஒப்புதல் எண் 03 அல்லது 04 இல் தொடங்க வேண்டும், 01, 02 என்றால் மிகப் பழையது, வேண்டாம். 'ஆர்129' என்ற புதிய விதிச் சீற்றுகள் பிள்ளையின் நீளத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டவை. அந்த விதியின்படி 15 மாதம் முடியும் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

ஒப்புதல் சீட்டு எதுவும் இல்லாமல், தூக்கிப் போகும் தொட்டில் மாதிரிக் கைப்பிடியோடு விற்பவை பல இருக்கின்றன. வீட்டுக்குள் ஆட்டிப் படுக்கவைக்கலாம், காரில் வைக்கக் கூடாது. வெறும் மெத்தைத் துணியில் நாலு வார் தைத்து, "பேபி சீற்" என்று இணையத்தில் விற்பதும் அப்படித்தான். பிள்ளையைச் சுற்றிக் கடினமான ஓடு இல்லாத எதுவும் சீற் இல்லை. மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால், சீற் தாங்கும் ஆகக்குறைந்த நிறை என்ன என்று பார்த்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளுக்கு முன்னமே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த சீற்

வன்னியில் இருக்கும் பேபி சீற்றுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். லீவில் வந்த சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போனது, பொதியில் போட்டு அனுப்பியது, ஒரு வீட்டில் பிள்ளை வளர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனது. அன்போடு வருவது, வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் நாலு விசயம் கேட்காமல் பிள்ளையை வைக்காதீர்கள்.

இது எப்போதாவது விபத்தில் பட்டதா? பட்டிருந்தால் வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே ஓடு வெடித்திருக்கலாம். எந்த ஆண்டில் செய்தது? சீற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பிளாஸ்ரிக்கிலேயே திகதி பொறித்திருக்கும். சில சீற்றில் பாவிக்கக்கூடிய கடைசி ஆண்டும் இருக்கும், பொதுவாகச் செய்த நாளிலிருந்து 6 முதல் 10 ஆண்டு. கையேடு இருக்கிறதா? இல்லையென்றால் சீற்றின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். கடைசியாக, வார், கொளுக்கி, உள் மெத்தை எல்லாம் அதனோடு வந்தவைதானா? மாற்றித் தைத்த வார் இருந்தால் அந்தச் சீற்றை எடுக்க வேண்டாம்.

கனடா, அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் இன்னுமொன்று. அந்த நாட்டுச் சீற்றில் நெஞ்சில் பூட்டும் ஒரு கிளிப் இருக்கும், அது கமக்கட்டு மட்டத்தில் நிற்க வேண்டும், வயிற்றில் அல்ல. அங்கத்தைய கார்களில் சீற் பெல்ற்றை முழுக்க இழுத்து விட்டால் அது தானே பூட்டிக்கொள்ளும். இங்கே ஓடும் எல்லாக் காரிலும் அந்த வசதி இல்லை. ஆகவே பெல்ற்றை இறுக்கிப் பிடித்துவைக்கும் பூட்டு சீற்றிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஓடும்போது பெல்ற் மெல்ல மெல்லத் தளரும்.

முதலில் வாகனத்தைப் பாருங்கள்

இலங்கையில் முன் ஆசனக்காரருக்குப் பெல்ற் 2011 இல் கட்டாயமானது. அதனால் முன் பெல்ற்றுகள் வேலை செய்யும். பின் பெல்ற்றுகளைத்தான் தேட வேண்டும். பல கார்களில் பின் ஆசனத்துக்குக் கவர் தைத்துப் போட்டிருப்பார்கள், கொளுக்கிகள் அதற்குக் கீழே புதைந்து கிடக்கும். எங்கள் மாமாவின் காரில் நான் கைவிட்டுத் தோண்டியபோது, கொளுக்கியின் வாய்க்குள் முறிகண்டிக் கச்சான் கோதும் செம்மண்ணும் அடைந்திருந்தது. பெல்ற்றின் நாக்கு உள்ளே போனது, ஆனால் 'க்ளிக்' என்ற சத்தம் வரவில்லை. சத்தம் வராத கொளுக்கி பூட்டாத கொளுக்கி. கவரை எடுத்து, கோதைத் தட்டிக் கொட்டித் துப்புரவாக்கிய பிறகுதான் பூட்டியது. இழுத்துப் பார்த்துக் கழராவிட்டால் மட்டும் பாவியுங்கள்.

மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ற், அதாவது தோளும் இடுப்பும் சேர்ந்தது, வேண்டும். பழைய வான்களில் நடு ஆசனத்துக்கு இடுப்புப் பெல்ற் மட்டும் இருக்கும், பெரும்பாலான கைக்குழந்தைச் சீற்றுகளுக்கு அது போதாது. பக்கவாட்டில் பார்த்த ஆசனத்திலும், இடையில் மடித்து இறக்கும் ஆசனத்திலும் வைக்கவே கூடாது. வான் பிடிக்கும்போது "ஏசி இருக்கா" என்று கேட்கிற மாதிரி, "பின்னுக்கு மூன்று முனைப் பெல்ற் இருக்கா" என்றும் கேளுங்கள்.

அண்மைக்காலத்து ஜப்பான் கார்களில், பின் ஆசனத்தின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால், 28 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். அதுதான் ஐசோபிக்ஸ். உங்கள் சீற்றுக்கும் அதற்குரிய கொளுக்கி இருந்தால் அதிலேயே பூட்டலாம், பிழை விடும் வாய்ப்புக் குறைவு. இல்லாவிட்டால் கவலையில்லை, ஒழுங்காகப் பூட்டிய பெல்ற்றும் பிள்ளையைக் காக்கும்.

முன் ஆசனத்தில் காற்றுப்பை வேலை செய்யும் காரென்றால், பின்பக்கம் பார்த்த சீற்றை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றுப்பை வெடித்து விரியும் வேகத்தில் சீற்றின் முதுகில், பிள்ளையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். உயிர் போகும் அடி அது. பின் ஆசனத்தில், தெருக்கரைப் பக்கமாக வைப்பது நல்லது. ஏற்றி இறக்கும்போது நீங்கள் வாகனம் ஓடாத பக்கத்தில் நிற்பீர்கள்.

பூட்டும் முறை

பிள்ளையைக் கூட்டிவரும் நாளில் செய்யாதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே, நிழலில் காரை நிறுத்தி, அவசரம் இல்லாமல் பூட்டிப் பழகுங்கள்.

சீற்றைப் பின்பக்கம் பார்க்க ஆசனத்தில் வையுங்கள். பெல்ற்றை முழு நீளத்துக்கும் இழுத்து எடுங்கள். ஐரோப்பியச் சீற்றாக இருந்தால் பெல்ற் போகும் வழிக்கு நிறம் இருக்கும். பின்பக்கம் பார்த்து வைப்பதற்கு நீலம், முன்பக்கம் பார்த்து வைப்பதற்குச் சிவப்பு. இடுப்புப்பகுதி பிள்ளையின் கால் வரும் இடத்துக்கு மேலாக, இரண்டு பக்க நீலக் கொளுவிக்குள்ளாலும் போக வேண்டும். பிறகு கொளுக்கியை 'க்ளிக்' பண்ணுங்கள். அடுத்தது நாங்கள் தவறவிட்ட இடம். தோள்பகுதியை எடுத்து சீற்றின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, அங்கே இருக்கும் நீலக் கொளுவிக்குள் மாட்டுங்கள். வேறு மாதிரி வழி உள்ள சீற்றுகளும் இருக்கின்றன, அவற்றுக்குக் கையேட்டுப் படம்தான் சட்டம்.

இப்போது சீற்றைக் கையால் கீழே அமத்திப் பிடித்துக்கொண்டு, தளர்வு முழுவதும் வரும்வரை பெல்ற்றை இழுங்கள். இரண்டு பேர் செய்தால் சுகம், ஒருவர் அமத்த மற்றவர் இழுக்கலாம். பெல்ற் முறுகக் கூடாது. சில கார்களில் பெல்ற்றின் நீளம் போதாமல் போகும், சிலவற்றில் கொளுக்கித் தண்டு நீண்டு வந்து சீற்றின் விளிம்பில் மடிந்து நிற்கும். இரண்டும் ஆபத்து, மற்றப் பக்க ஆசனத்தில் முயன்று பாருங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் அந்தச் சீற்றும் அந்தக் காரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவேதான் வாங்குவதற்கு முன் கடை வாசலிலேயே காரில் வைத்துப் பார்க்கச் சொல்வது.

சோதிப்பது இப்படி: பெல்ற் போகும் இடத்தில் சீற்றைப் பிடித்து, இடம் வலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். நான் இன்னும் இரண்டாம் மூன்றாம் தரத்தில்தான் சரியாகப் பூட்டுகிறேன்.

சாய்வையும் பாருங்கள். அதிகம் நிமிர்ந்திருந்தால் பச்சைப்பிள்ளையின் தலை முன்னுக்குத் தொங்கி, நாடி நெஞ்சில் முட்டி, மூச்சு அடைபடும். சீற்றின் பக்கத்தில் ஒரு கோடு இருந்தால் அது நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். கார் நிற்கும் இடம் மட்டமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள், சரிந்த முற்றத்தில் நின்றால் கோடு பொய் சொல்லும். துவாயைச் சுருட்டி அடியில் வைப்பது, கையேடு அனுமதித்தால் மட்டும்.

பிள்ளையை வைத்து இறுக்குவது

பிள்ளையைத் துணியால் சுற்றிப் பொட்டலமாக வைக்காதீர்கள். கால் இரண்டும் விரிந்து, நடுவார் அவற்றுக்கிடையால் வர வேண்டும். குளிரென்றால் வார் பூட்டிய பிறகு மேலால் போர்த்துங்கள். கழுத்தில் பஞ்சாயுதம் போட்டிருந்தால் பயணத்துக்குக் கழற்றி வைத்துவிடுங்கள், வாருக்குக் கீழே அது அந்த மெல்லிய தோலில் அழுந்தும். சீற்றோடு வராத தலையணை, குஷன் எதையும் பிள்ளைக்குக் கீழோ பின்னோ வைக்க வேண்டாம்.

பின்பக்கம் பார்த்த சீற்றில் தோள்வார் பிள்ளையின் தோள் மட்டத்திலிருந்து அல்லது அதற்குச் சற்றுக் கீழிருந்து வர வேண்டும். வளர வளர வாரை மேல் ஓட்டைக்கு மாற்றுங்கள். வாரைப் பூட்டி இழுத்த பின், தோளெலும்புக்குக் கிட்ட வாரை இரண்டு விரலால் நுள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பிடிபடாமல் வழுக்கினால் சரி. பார்க்க இறுக்கமாகத் தெரியும், "பிள்ளை மூச்சு விடுமோ" என்று அம்மம்மா கேட்பா. வார் நிற்பது தோளிலும் இடுப்பிலும், வயிற்றில் அல்ல, காட்டி விளங்கப்படுத்துங்கள். எங்கள் அம்மாவுக்கு நான் நுள்ளிக் காட்டியபின் அவவே இப்போது ஒவ்வொரு தரமும் நுள்ளிப் பார்க்கிறா.

வெயிலும் தூரமும்

சித்திரை, வைகாசியில் நம்முடைய வெயிலுக்கு நிறுத்திய காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் 10 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவது உதவாது. கடைக்குள் போய் ஒரு பால்மா பெட்டி எடுத்துவரும் நேரத்துக்குக்கூடப் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, தூங்கிக்கொண்டிருந்தாலும். கார் நிற்கும்போது சீற்றின் மேல் வெள்ளைத் துணி ஒன்று போட்டு வையுங்கள். பிள்ளையை வைக்குமுன் கொளுக்கியின் இரும்பை உங்கள் கையின் உட்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள், சுட்டுவிடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். பிள்ளை இருக்கும்போது சீற்றைச் சேலையால் மூடாதீர்கள், காற்றோட்டம் நின்றுவிடும். யன்னல் கண்ணாடிக்கு மறைப்புப் போடுங்கள்.

பிறந்த சில கிழமைகளுக்கு அரை மணிக்கு மேல் ஒரேயடியாகச் சீற்றில் வைக்க வேண்டாம். பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தூக்கி, நேராகப் படுக்கவைத்து, பால் கொடுத்து, நப்பி மாற்றுங்கள். கொழும்புப் பயணமென்றால் இதைக் கணக்கில் எடுத்துப் புறப்படுங்கள். முறிகண்டியில் எப்படியும் நிற்போம், அடுத்து வவுனியா. பால் கொடுக்க ஓடும் வாகனத்தில் கழற்றி எடுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, நிறுத்திவிட்டுக் கொடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுவுக்கோ போகும்போது வாகனத்தில் ஆள் கூடிவிட்டதென்று சீற்றைக் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவார்கள். சீற்றுக்கு ஒரு ஆள் இடத்தை முதலே எண்ணுங்கள். வீடு வந்ததும், தூங்குகிறதென்று சீற்றிலேயே விடாமல் பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கக் கிடத்துங்கள்.

பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், அவரும் பெல்ற் போடட்டும். பெல்ற் போடாத பெரியவர் மோதும்போது பிள்ளையின் மேல் போய் விழுவார். தண்ணீர்ப் போத்தல், தேங்காய், சுடுநீர்ப் போத்தல் எல்லாம் டிக்கிக்குள்.

கார் இல்லாத வீடுகள்

நம்மில் கனபேரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், இல்லாவிட்டால் ஓட்டோ. இரண்டிலும் பேபி சீற் பூட்ட வழியில்லை. மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் பச்சைப்பிள்ளையை வைத்துப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அதைப் பாதுகாப்பாக்கும் சாமான் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும் நாள், ஊசி போடும் நாள், முப்பத்தொன்று முடிந்து கோயிலுக்குப் போகும் நாள், இப்படிச் சில பயணங்களுக்கு மட்டுமாவது, நாலு வீடு சேர்ந்து ஒரு சீற்றை வைத்துக்கொண்டு கார் பிடிக்கலாம். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் செய்கிறோம். வேறு வழியே இல்லாமல் ஓட்டோவில் போனால் பின் ஆசனத்தின் நடுவில் இருந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பெருந்தெருவைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சாரதிக்குப் பக்கத்தில் பிள்ளையோடு ஏற வேண்டாம்.

எப்போது மாற்றுவது, பழையதை என்ன செய்வது

கால் மடிந்து ஆசனத்தில் முட்டுகிறதென்று பலர் முன்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கால் மடிவது பிரச்சினையே இல்லை, பிள்ளைகள் அப்படித்தான் சுகமாக இருப்பார்கள். தலையின் உச்சி சீற்றின் மேல் விளிம்பை எட்டினாலோ, ஒப்புதல் சீட்டிலுள்ள நிறையை அல்லது நீளத்தைத் தாண்டினாலோதான் அந்தச் சீற் சிறிதாகிவிட்டது. அப்போதும் பின்பக்கம் பார்த்தே வைக்கக்கூடிய பெரிய சீற் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் அப்படி வைத்திருப்பது நல்லது. முன்பக்கம் திருப்பும் நாளில் தோள்வார் தோள் மட்டத்துக்கு அல்லது அதற்குச் சற்று மேலாக மாற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

விபத்துப்படாத, காலம் முடியாத சீற்றை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள், கையேட்டை ஒரு பையில் போட்டு அதன் முதுகில் கட்டி. விபத்துப்பட்டதையோ காலம் முடிந்ததையோ வளவு மூலையில் போட்டு வைக்காதீர்கள், யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். வார்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஓட்டின் மேல் "பாவிக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதிய பிறகு வெளியே போடுங்கள்.